கேமிங் லேப்டாப் கொதிப்பது ஏன், முதலில் எங்கே கை வைப்பது?

கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் மூலையில் பிராசசர் வெப்பநிலை 95, 97 என்று காட்டினால் யாருக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும். பெரும்பாலும் மாதத் தவணையில் வாங்கிய பொருள். கீபோர்டின் மேல்பக்கம் தொட முடியாத சூடு. ஃபேன் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. உடனே கூலிங் பேட் ஒன்றுக்கு ஆர்டர் போடுகிறோம். அதிலும் அடங்கவில்லை என்றால் சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், சூட்டைக் கடத்தச் சிப்பின் மேல் பூசும் பேஸ்ட்டை மாற்றச் சொல்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சூட்டை எப்படி வெளியேற்றுவது என்று யோசிக்கும் முன், அவ்வளவு சூடு உண்டாக வேண்டிய தேவை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேம் விளையாடும்போது அந்தத் தேவை பெரும்பாலும் இருப்பதில்லை.

பொதுவாகப் பேசிக்கொண்டிருக்காமல் ஒரு பிராசசரை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ7-12700எச். 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது; இந்தியாவில் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் விற்ற கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கிராஃபிக்ஸ் சிப்போடு ஜோடி சேர்ந்து வந்தது. இதில் கணக்குப் போடும் அலகுகளான கோர்கள் இரண்டு வகை: வேகத்துக்கானவை 6, சிக்கனத்துக்கானவை 8. உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ். இதற்கு இன்டெல் இரண்டு மின்சக்தி அளவுகளைக் குறிப்பிடுகிறது: அடிப்படை 45 வாட், தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டிக்கொள்ளும் டர்போ நிலையில் அதிகபட்சம் 115 வாட். முந்தைய தலைமுறைகளில் பெட்டியின் மேல் 45 வாட் என்ற ஒரே எண்தான் இருக்கும். டர்போவில் அது எவ்வளவு எகிறும் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. 12-ஆம் தலைமுறையிலிருந்துதான் இன்டெல் இரண்டையும் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கியது. நாம் பேசப்போகும் சிக்கல் முழுவதும் இந்த 45-க்கும் 115-க்கும் இடையில்தான் கிடக்கிறது.

அந்த 115 வாட் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். இந்தச் சிப்பின் பரப்பு சுமார் 2 சதுர சென்டிமீட்டர். வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்றாலும் அதன் அடித்தகடு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் இருக்கும்; ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான் வருகிறது. பிராசசரிலோ அதே இடத்துக்கு 55 வாட்டுக்கு மேல். அதுவும் சிப் முழுவதும் சமமாகப் பரவிய சூடு கிடையாது. வேலை செய்கிற கோர் இருக்கும் மூலையில் மட்டும் இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஒரு பெரிய கேமைத் திறந்த அந்த நொடியில் வெப்பநிலை 60-லிருந்து 92-க்குத் தாவுவதும், ஏற்றி முடித்த உடனே 70-க்கு இறங்குவதும் இதனால்தான். சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக அமைப்பான ஹீட்சிங்க் முழுவதும் அந்த ஒரு நொடியில் சூடாகிவிடவில்லை. சிப்பின் ஒரு புள்ளி மட்டும் சுட்டு ஆறியிருக்கிறது. இந்தத் தாவலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கால் மணி நேரம் விளையாடிய பிறகு எங்கே போய் நிலைக்கிறது என்பதே பார்க்க வேண்டிய எண்.

100 டிகிரி என்ற வாசல்

12700எச்-க்கு இன்டெல் வைத்திருக்கும் வெப்ப உச்சவரம்பு 100 டிகிரி செல்சியஸ். ஏஎம்டியின் ரைசன் 7 5800எச்-க்கு அது 105. சிப்புக்குள்ளேயே, கோர்களுக்குப் பக்கத்திலேயே உணரிகள் உண்டு. அவை வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் இருக்கிறது என்று இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும். மிச்சம் தீர்ந்தால் பிராசசர் தானாகவே வேகத்தையும் மின்னழுத்தத்தையும் இறக்கிக்கொள்ளும். இதைத்தான் த்ராட்டில் ஆவது என்கிறோம். அதையும் மீறி ஏறினால் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். ஆக, 97 டிகிரியில் பிராசசர் எரிந்துபோகும் என்ற பயம் தேவையில்லை. அந்தக் காவல் சிப்புக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது.

அப்படியானால் 97-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா என்றால், கூடாது. சிலிக்கானுக்கு உடனடி ஆபத்து இல்லை என்பது உண்மை. ஆனால் அதைச் சுற்றி இருப்பவை அப்படி இல்லை. அந்தச் சூட்டை வெளியேற்ற ஃபேன் நாள் முழுவதும் உச்ச வேகத்தில் சுழல்கிறது. அதன் பேரிங் தேய்கிறது. சிப்புக்கும் அதன் மேலுள்ள செம்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள பேஸ்ட் சீக்கிரம் கெடுகிறது. கைக்கு அடியில் படுத்திருக்கும் லித்தியம் பேட்டரி எல்லாவற்றையும்விட அதிகமாக அடி வாங்குகிறது. மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய கேமிங் லேப்டாப்களில் பிராசசர் செத்தது என்று கேள்விப்படுவது அபூர்வம். பேட்டரி உப்பியது, ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது என்பவை அன்றாடக் கதை.

இன்னொரு நட்டம் விளையாட்டிலேயே தெரியும். உச்சவரம்பை முட்டி முட்டித் திரும்பும் பிராசசர் ஒரே வேகத்தில் ஓடாது. 4.5-க்குப் போகும், 3.1-க்கு விழும், மறுபடி ஏறும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை (வினாடிக்கு எத்தனை படங்கள் என்பது) நன்றாக இருந்தும் படம் அங்கங்கே வெட்டி வெட்டிப் போவது போலத் தோன்றுவதற்கு இந்த ஊசலாட்டம் ஒரு முக்கியக் காரணம். 4 கிகாஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும் பிராசசர், இப்படித் தத்தளிக்கும் பிராசசரைவிட விளையாடுவதற்கு நன்றாக இருக்கும்.

இந்தக் காவலைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2018-இல் ஒரு நல்ல சான்று கிடைத்தது. ஆப்பிள் அந்த ஜூலையில் வெளியிட்ட 15 அங்குல மேக்புக் ப்ரோவில் கோர் ஐ9-8950எச்கே இருந்தது. அது கேமிங் லேப்டாப் இல்லைதான், ஆனால் இதே வகைச் சிப். அடிப்படை வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸ். கனமான வீடியோ வேலை கொடுத்தால் அந்த அடிப்படை வேகத்தைக்கூட அதனால் பிடித்து நிற்க முடியவில்லை. யூடியூபர் டேவ் லீ லேப்டாப்பை ஃப்ரீசருக்குள் வைத்து ஓட்டியபோது அதே வேலை கணிசமாகச் சீக்கிரம் முடிந்தது. அந்தக் காணொலி உலகம் முழுவதும் பேசப்பட்டது. சில நாட்களில், ஜூலை 24 அன்று, ஆப்பிள் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. வெப்பக் கட்டுப்பாட்டு ஃபர்ம்வேரில் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) ஒரு டிஜிட்டல் சாவி விடுபட்டிருந்தது என்று காரணம் சொன்னது. செம்பும் ஃபேனும் அதேதான். மென்பொருளை மாற்றியதிலேயே வேகம் மேம்பட்டது. உலோகத்தைத் தொடும் முன் அமைப்புகளைத் தொடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தச் சம்பவம் ஒரு காரணம்.

கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸின் விலை

பிராசசர் எடுக்கும் மின்சக்திக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு. அது வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். அதனால் உச்சத்துக்கு அருகில் போகப் போகச் சின்ன வேக உயர்வுக்கும் பெரிய மின்செலவு. ஒரு கணக்குக்கு, 4.6 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட் எடுக்கும் ஒரு சிப், 4.0-வில் 1.05 வோல்ட்டில் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறைந்தது 13 சதவீதம். மின்சக்தி குறைவது கிட்டத்தட்ட 39 சதவீதம். ஒவ்வொரு சிப்புக்கும் எண்கள் மாறும், ஆனால் கோட்டின் வளைவு இப்படித்தான் இருக்கும்.

கம்பெனிக்காரர்கள் ஏன் இதை அந்த உச்சத்திலேயே விடுகிறார்கள்? லேப்டாப் விமர்சனங்களில் முதலில் ஓட்டப்படுவது சினிபெஞ்ச் போன்ற சோதனைகள். அவை எல்லாக் கோர்களையும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓட வைக்கும். அங்கே 115 வாட் கொடுக்கும் லேப்டாப் அட்டவணையில் மேலே நிற்கும், 60 வாட்டில் நிற்பது கீழே போய்விடும். வாங்குபவரும் அந்த அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறார். போட்டிச் சந்தையில் இந்தக் கணக்கு நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த அமைப்பு அளவெடுக்கும் மேசைக்குப் பொருந்துவது, மூன்று மணி நேரம் விளையாடும் மேசைக்குப் பொருந்தாதது.

நடைமுறையில் இன்டெல் லேப்டாப்பில் இரண்டு வரம்புகள் வேலை செய்கின்றன. பிஎல்2 என்பது சில பத்து வினாடிகளுக்கு அனுமதிக்கப்படும் உச்சம். பிஎல்1 என்பது அதற்குப் பிறகு நீண்ட நேரத்துக்கான அளவு. புதிதாக ஒரு வேலை தொடங்கியதும் 115 வாட்டுக்கு எழும்பி, கொஞ்ச நேரம் நின்று, பிறகு படிப்படியாக இறங்குவதை ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளின் வரைபடத்தில் கண்ணால் பார்க்கலாம். பல கேமிங் லேப்டாப்களில் டர்போ பயன்முறையை அழுத்தினால் பிஎல்1 எண்ணையும் 80, 90 வாட் என்று தூக்கி வைத்துவிடுகிறார்கள். அப்போது இறங்கவே இடம் இல்லை. வெப்ப உச்சவரம்பு ஒன்றுதான் கடிவாளம். உங்கள் லேப்டாப் எந்நேரமும் 95-ஐத் தொட்டுக்கொண்டே இருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். தூசிக்கும் பேஸ்ட்டுக்கும் பிறகு வரலாம்.

சூடு போகும் வழி

பேஸ்ட், தூசி என்று பேசும் முன் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயன் தரும். லேப்டாப்பில் சிப்பின் மேல் மேசைக்கணினியில் இருப்பது போல உலோக மூடி கிடையாது. வெறும் சிலிக்கான், அதன் மேல் மெல்லிய பேஸ்ட், அதன் மேல் செம்புத் தகடு. தகட்டிலிருந்து தட்டையாக அமுக்கப்பட்ட செம்புக் குழாய்கள் லேப்டாப்பின் பின் விளிம்புக்கு ஓடுகின்றன. அங்கே நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோக இதழ்கள், அவற்றுக்குள் காற்றை ஊதும் ஃபேன்.

இதில் அற்புதமான பாகம் அந்தக் குழாய்தான். வெளியே பார்த்தால் திடமான செம்புக் கம்பி போல இருக்கும். உள்ளே காற்று நீக்கப்பட்டு, மிகக் கொஞ்சம் தண்ணீர் மட்டும் அடைக்கப்பட்டிருக்கும். காற்றழுத்தம் இல்லாததால் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காது. குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே மறுபடி நீராகி, தன்னுள் இருந்த வெப்பத்தைக் கொட்டிவிடும். குழாயின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் நுண்துளைச் செம்பு திரி போல நீரை உறிஞ்சி மீண்டும் சூடான முனைக்குக் கொண்டுவரும். ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2,300 ஜூல் வேண்டும். எனவே 100 வாட் சூட்டைக் கடத்த வினாடிக்கு ஏறக்குறைய 0.04 கிராம் நீர் ஆவியானால் போதும், ஒரு துளிக்கும் குறைவு. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் உருவாக்கிய இந்த நுட்பம் விண்கலங்களுக்குப் போய், இன்று நம் மடியில் இருக்கும் கருவிக்குள்ளும் வந்திருக்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. திரி நீரைக் கொண்டுவரும் வேகத்தைவிட அதிகமாகச் சூடு ஏறினால் சூடான முனை வறண்டுபோகும். அதன் பிறகு அது வெறும் செம்புக் குழாய்தான்.

பெரும்பாலான கேமிங் லேப்டாப்களில் பிராசசருக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் சில குழாய்கள் பொதுவானவை. கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் சிப் தனியாக 100 வாட்டுக்கு மேல் எடுக்கலாம். அந்தச் சூடு அதே குழாய்களில் ஏறி வரும்போது பிராசசருக்குக் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. பலர் கவனிக்காத ஒரு பயன் இதற்குள் இருக்கிறது. பிராசசரின் மின்சக்தியை 30 வாட் குறைத்தால், கிராஃபிக்ஸ் சிப் அதே வெப்பத்தில் இன்னும் தாராளமாக ஓட முடியும். என்விடியாவின் டைனமிக் பூஸ்ட், ஏஎம்டியின் ஸ்மார்ட்ஷிஃப்ட் ஆகிய இரண்டும் இந்தப் பங்கீட்டைத் தானாகச் செய்வதற்காகவே வந்தவை. பிராசசர் வேண்டாத மின்சாரத்தை கிராஃபிக்ஸ் பக்கம் தள்ளிவிடும். ஆக பிராசசரைக் கட்டுப்படுத்தினால் கேம் மெதுவாகும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஃபிரேம் கூடுவதும் உண்டு.

இந்த வழியின் கடைசியில் இருப்பது அறையின் காற்று. அதுவே சூடாக இருந்தால் எந்தக் குழாயும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு லேப்டாப் 25 டிகிரி ஏசி அறையில் 85-இல் நிற்கிறது என்றால், அதே வேலையைக் கத்திரி வெயிலில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் செய்யும்போது 96-க்குப் போகும். ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஐரோப்பியர் ஒருவரின் விமர்சனக் காணொலியில் 82 என்று காட்டியதை வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தில் எதிர்பார்த்து, நமக்கு வந்த பெட்டிதான் கோளாறு என்று முடிவு கட்டுவது அந்தப் பெட்டிக்கு நியாயம் செய்வதாகாது.

முதலில் செய்ய வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முன் ஃபிரேம் எண்ணிக்கைக்கு ஒரு கூரை போடுங்கள். திரை 144 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது என்றால் அதற்கு மேல் வரும் ஒவ்வொரு ஃபிரேமும் கண்ணுக்குத் தெரியாத வீண் உழைப்பு. போட்டி ஷூட்டர் விளையாட்டுகளில் 250, 300 ஃபிரேம் ஓடும்போது பிராசசர்தான் அதிகம் வேகும், ஏனென்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிராஃபிக்ஸ் சிப்புக்கு வேலையைத் தயாரித்துக் கொடுப்பது அதுதான். கேமின் அமைப்புகளிலோ என்விடியா கட்டுப்பாட்டுப் பலகையிலோ 140 என்று வைத்தால் போதும். கதை சார்ந்த கேம்களுக்கு 60 அல்லது 75 தாராளம். பணம் செலவில்லை, திருகாணி கழற்ற வேண்டியதில்லை. இதை மட்டும் செய்ததிலேயே ஃபேன் சத்தம் பாதியாக அடங்கிய லேப்டாப்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மின்சக்தி வரம்பு. தயாரிப்பாளரின் மென்பொருளில் கையால் அமைக்கும் பயன்முறை இருந்தால் நீண்ட நேர வரம்பை 45 வாட்டிலும் குறுகிய நேர வரம்பை 60, 65 வாட்டிலும் வைத்துப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லாத இன்டெல் லேப்டாப்களில் த்ராட்டில்ஸ்டாப் என்ற சிறிய இலவச மென்பொருள் அதே வேலையைச் செய்யும். பெரும்பாலான கேம்களுக்கு பிராசசர் தரப்பில் 40 முதல் 60 வாட் போதுமானது. நகரம் முழுக்கக் கூட்டம் நடமாடும் கேம்கள், வியூக விளையாட்டுகள் ஆகியவற்றில் மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரே கேமின் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

விண்டோஸில் அதிகபட்ச பிராசசர் நிலையை 99 சதவீதமாக வைத்தால் டர்போ முழுவதும் அணைந்துவிடும் என்ற குறுக்குவழி எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. உண்மைதான். வெப்பம் ஒரேயடியாக 20, 25 டிகிரி விழும். ஆனால் 12700எச் போன்ற சிப்புக்கு இது கொசுவை அடிக்கக் கோடரி எடுப்பது. அதன் பெரிய கோர்களின் அடிப்படை வேகம் 2.3 கிகாஹெர்ட்ஸ்தான், டர்போ போனால் பாதி வேகத்துக்கு வந்து நிற்கும். பழைய கேம், படம் பார்ப்பது, அலுவலக வேலை என்றால் சரி. புதிய கேம்களில் ஃபிரேம் கண்ணுக்குத் தெரியும்படி விழும். வரம்பை 45 வாட்டில் வைப்பது இதைவிட நாகரிகமான வழி.

அண்டர்வோல்ட் என்று ஒரு பொற்காலம் இருந்தது. அதே வேகத்துக்கு மின்னழுத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பது. தொழிற்சாலையில் எல்லாச் சிப்புகளுக்கும் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று சற்று அதிகமாகவே மின்னழுத்தம் வைப்பார்கள். அந்த உபரியை நாம் கழித்துக்கொள்வதுதான் இதன் சூட்சுமம். 8, 9-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் 100 மில்லிவோல்ட் வரை குறைத்து, வேகம் இழக்காமல் வெப்பத்தைக் கணிசமாக இறக்கியவர்கள் ஏராளம். 2019 டிசம்பரில் இது முடிவுக்கு வந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகம், ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் கேயூ லூவன் ஆகியவற்றைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதலை வெளியிட்டார்கள். கணினியின் முழு அதிகாரத்தைக் கைப்பற்றிய ஒருவர், சரியான நொடியில் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பிராசசரைத் தப்புக் கணக்குப் போட வைத்து, எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளைப் பறிக்க முடியும் என்று காட்டினார்கள். இன்டெல் சிப்பின் உள் மென்பொருளான மைக்ரோகோடில் திருத்தம் கொடுத்தது, லேப்டாப் கம்பெனிகள் லேப்டாப்பைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டில் மின்னழுத்தக் கட்டுப்பாட்டைப் பூட்டினார்கள். நேற்று வரை குளிர்ச்சியாக ஓடிய லேப்டாப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மறுபடி கொதிக்க ஆரம்பித்தது பலருக்கும் புரியாத புதிராக இருந்தது.

11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் தன் வீட்டுப் பயன்பாட்டுச் சிப்புகளில் எஸ்ஜிஎக்ஸையே கைவிட்டுவிட்டது. பெட்டகமே போன பிறகும் பல லேப்டாப்களில் பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது. தன் சொந்த லேப்டாப்பில் கேம் விளையாடும் ஒருவருக்கு இதனால் கிடைக்கும் பாதுகாப்பைவிட இழக்கும் குளிர்ச்சி பெரிது என்பேன். வேண்டுமென்றால் பயாஸில் ஒரு எச்சரிக்கையோடு திறந்துகொள்ளும் வசதி கொடுக்கலாம். இன்டெலின் உயர்சக்தி எச்எக்ஸ் வகைச் சிப்புள்ள சில லேப்டாப்களில் அப்படித் தரவும் செய்கிறார்கள். ஏஎம்டி பக்கம் சில லேப்டாப்களில் கர்வ் ஆப்டிமைசர் என்ற பெயரில் இதே வசதி உண்டு. உங்கள் லேப்டாப்பில் வழி திறந்திருந்தால் 30, 40 மில்லிவோல்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் சில நாள் விளையாடிப் பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அதிகமாகக் குறைத்தால் நீலத்திரை வரும் அல்லது கேம் காரணமில்லாமல் மூடிக்கொள்ளும். மின்னழுத்தத்தைக் குறைப்பதால் சிப்புக்கு நிரந்தரச் சேதம் வராது.

காற்று, தூசி, பேஸ்ட்

லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள். பெரும்பாலான கேமிங் லேப்டாப்கள் அடியிலிருந்துதான் காற்றை உறிஞ்சுகின்றன. அந்த இடைவெளி இல்லாமல் மெத்தையிலோ துணி விரித்த மேசையிலோ வைத்தால் மூக்கை அடைத்த மாதிரிதான். இரண்டு ரப்பர் கட்டைகளோ ஒரு சாதாரண ஸ்டாண்டோ போதும். விலை மலிவான கூலிங் பேட்களில் இருக்கும் சிறு ஃபேன்கள் செய்வதில் பெரும்பகுதி, உண்மையில் அந்தத் தூக்கி வைத்தல் செய்கிற வேலைதான். அடிப்பக்கத்தை ஸ்பாஞ்ச் வளையத்தால் மூடி அழுத்தமாக ஊதும் வகைகள் வேறு. அவை நிஜமாகவே குறைக்கும், ஆனால் சத்தம் காது கொடுக்க முடியாது.

அடுத்து தூசி. அடித்தட்டைக் கழற்றினால் முதலில் தெரிவது ஃபேன் இறக்கைகளில் படிந்த சாம்பல் நிறம். அதை மட்டும் துடைத்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் அதிகம். நிஜமான அடைப்பு அங்கே இல்லை. ஃபேன் காற்றைத் தள்ளும் வாய்க்கும் உலோக இதழ்களுக்கும் இடையில், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடுக்கில், முடியும் நூலும் தூசியும் பின்னிப் பிணைந்து கம்பளித் துண்டு போல ஒரு படலம் உருவாகியிருக்கும். ஃபேனின் மேல் தகட்டை எடுத்து, இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அது முழுசாக ஒரே பட்டையாக வரும். இதழ்களின் வரிகள் அதில் அச்சுப் பதிந்ததுபோல் இருக்கும். மின்விசிறி நாள் முழுக்க ஓடும், ஜன்னல் திறந்தே இருக்கும் நம் வீடுகளில் இந்தப் படலம் ஒரு வருடத்துக்குள் சேர்ந்துவிடும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலாலோ குச்சியாலோ அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கண்மண் தெரியாமல் சுழலவிட்டால் பேரிங் போய்விடும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

இவை எல்லாம் முடிந்த பிறகே பேஸ்ட். லேப்டாப்பில் பேஸ்ட் சீக்கிரம் கெடுவதற்குத் தனிக் காரணம் உண்டு. வெறும் சிலிக்கானும் செம்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. கேம் தொடங்கும்போது ஒரு விரிவு, நிறுத்தும்போது ஒரு சுருக்கம். இந்த அசைவு நாளுக்கு நாள் பேஸ்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுக்கிவிடும். நல்ல பேஸ்ட் என்று பேர் வாங்கியவைகூட லேப்டாப்பில் சில மாதங்களில் பழைய நிலைக்கு வருவதற்கு இதுவே காரணம். ஹனிவெல் தயாரிக்கும் பிடிஎம்7950 என்ற தகடு இந்தச் சிக்கலுக்குச் சரியான விடை. அறை வெப்பத்தில் மெல்லிய தாள் மாதிரி இருக்கும். 45 டிகிரிக்கு மேல் இளகி இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும். கெட்டியான தன்மை இருப்பதால் பிதுங்கி ஓடாது. லெனோவோ தன் லீஜியன் வரிசையின் சில மாடல்களில் தொழிற்சாலையிலேயே இதைப் பயன்படுத்துகிறது. போலிகள் நிறைய உலவுவதால் நம்பகமான இடத்தில் மட்டும் வாங்க வேண்டும்.

திரவ உலோகம் பக்கம் ஆர்வத்தில் போய்விடாதீர்கள். காலியம் கலந்த அந்தக் கலவை வெப்பத்தை அபாரமாகக் கடத்தும். அசூஸ் தன் ஆர்ஓஜி லேப்டாப்களில் இயந்திரம் கொண்டு பூசி, சுற்றிலும் தடுப்பு வைத்துத் தருகிறது. வீட்டில் கையால் பூசும்போது அந்தத் தடுப்பு இல்லை. அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி மதர்போர்டில் வழிந்தால் கதை முடிந்தது. அலுமினியத்தில் பட்டால் அதை அரித்துப் பொடியாக்கும். வாரண்டி இருக்கும் லேப்டாப்பைப் பொறுத்தவரை பேஸ்ட் வேலையைக் கம்பெனி சர்வீஸிலேயே கேட்பது நல்லது. ஹீட்சிங்கைத் தூக்கும்போது நினைவகச் சிப்புகளின் மேலுள்ள பஞ்சு போன்ற பட்டைகள் கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். அரை மில்லிமீட்டர் கூடினால் பிராசசர் மேல் செம்பு சரியாக உட்காராது. மாற்றியதற்குப் பிறகு முன்பைவிடச் சூடு கூடியது என்று வருகிறவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பேட்டரிக்கு ஒரு வார்த்தை. சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் செல் இன்னும் வேகமாகக் கிழடு தட்டும். கேம் விளையாடும்போது சார்ஜர் எப்படியும் இணைந்தே இருக்கும் என்பதால், சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில், மேசையைவிட்டு நகராத லேப்டாப்பாக இருந்தால் 60 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை இன்றே போட்டுவிடுங்கள்.

நிஜமான கோளாறு எப்போது

ஒன்றும் ஓடாமல் 10 வாட் மட்டும் எடுக்கும்போதே 80 டிகிரி காட்டினால் ஹீட்சிங்க் சரியாகப் பதியவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது. ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாக நின்றாலும் அதே சந்தேகம்: ஒரு பக்கத் திருகாணி தளர்ந்திருக்கலாம், அந்த மூலையில் பேஸ்ட் இல்லாமல் இருக்கலாம். வரம்பை 45 வாட்டில் வைத்தும் 95-க்குப் போகிறது, அறையும் சூடாக இல்லை, தூசியும் எடுத்தாகிவிட்டது என்றால் குழாயே செயலிழந்திருக்க வாய்ப்புண்டு. ஹீட்சிங்க் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். இந்த மூன்று நிலைகளிலும் மென்பொருளில் எதைத் திருகினாலும் பயன் இல்லை.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்று உண்டு, அதையும் பலர் சூடு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கேம் திடீரென்று ஊர்ந்து போகும். பிராசசர் வேகம் 800 மெகாஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. ஆனால் வெப்பநிலை 50, 55 டிகிரிதான். இங்கே பிராசசர் சூடாகவில்லை. மதர்போர்டின் வேறொரு பாகம் அதற்கு வேகத்தைக் குறை என்று பிடி ப்ராக்ஹாட் எனும் சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அடிக்கடி காரணமாக இருப்பது சார்ஜர். வாட் குறைந்த மாற்று அடாப்டர், நைந்த பின், லேப்டாப்பால் அடையாளம் காண முடியாத மலிவு சார்ஜர் ஆகியவற்றில் ஒன்று. த்ராட்டில்ஸ்டாப்பில் இந்தச் சமிக்ஞையை அணைத்துவிடலாம் என்று சொல்வார்கள். மின்வழங்கல் பாகங்கள் நிஜமாகவே சூடாகியிருந்தால் அந்த எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடும் என்பதால், சோதித்துப் பார்க்க மட்டும் அணையுங்கள். லேப்டாப்போடு வந்த அசல் சார்ஜரை மாட்டிப் பார்த்து, வேகம் திரும்பினால் பேஸ்ட்டுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல சார்ஜர் வாங்கிவிடலாம்.